விரதப் பசு

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் மேகமின்றித் தெளிவாக இருந்தது. காலையிலேயே புழுக்கம் மிகுந்திருந்தது. நண்பகலுக்கு முன் கடற்காற்றை எதிர்பார்ப்பதற்கில்லை. வைகாசி முகூர்த்த நாளாகையால் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பல வாசல்களில் வாழை மரங்கள் கட்டப்பட்டிருந்தன. புதுமனை புகுவதற்கு மிகவும் ஏற்ற நாள் என்றே நான் கருதினேன்.

ஐயா, தாங்கள் என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். எந்தப் பொருளையும் முதலில் அறிமுகம், அடுத்து விளக்கம், இறுதியில் முடிவு என்னும் வரிசையில் கூறுவதே முறை. நான் நாற்பத்தாறாம் வயதில் பள்ளி இறுதித் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறியவன். இப்போது அஞ்சல்வழியில் விலங்கியல் இளநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஆகவே என் கூற்றில் வரிசை பிறழாது.

என் பெயர் முருகையன். கிரகப்பிரவேசங்களுக்குப் பசுவையும் கன்றையும் ஏற்பாடு செய்து தருவது என் தொழில். புதிய வீட்டில் முதலில் பசு நுழைய வேண்டும், அதன் பின்னரே குடும்பத்தார் நுழைய வேண்டும் என்பது வழக்கம். வீடுகள் அடுக்குமாடிகளாக உயர்ந்த பின்னும் இவ்வழக்கம் குறையவில்லை. சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் பசு நான்காம் மாடிக்கும் செல்கிறது. பழகிய பசு அதில் அசையாமல் நிற்கும். பவானி அவ்வாறு நிற்கக்கூடிய பசு.

பவானி என்னுடையது அன்று. மந்தைவெளியில் ஒரு சந்தில் வசிக்கும் சண்முகவடிவு என்னும் பெண்மணிக்கு உரியது. கணவர் விட்டுச் சென்றபின் அந்தப் பசுவும் சிட்டு என்னும் அதன் கன்றுமே அவருடைய பிழைப்பு. விடியலில் பால் கறப்பார். முகூர்த்த நாட்களில் என்னுடன் வருவார். பவானி நன்றாக இருந்தால் அவரும் நன்றாக இருப்பார். இதனை நான் அறியாமல் எதையும் செய்யவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிட்டுவிடுகிறேன்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். பசு உண்ணும், உண்டதைக் கழிக்கும். இது இயற்கை. புது வீட்டினுள் பசு சாணமிட்டால் செல்வம் பெருகும் என்று எல்லாரும் சொல்வார்கள். தியாகராய நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவரின் வீட்டில் பவானி அவ்வாறே கூடத்தின் நடுவில் சாணமிட்டது. விருந்தினர் கைதட்டினர். வீட்டு அம்மாளும் புன்னகை செய்தார். ஆனால் ஹோமம் முடியும்வரை அவருடைய பார்வை ஹோமத்தில் இல்லை, தரையில் இருந்தது. அதன்பின் அந்தக் குடும்பத்தின் உறவினர் எவரும் என்னை அழைக்கவில்லை. மக்கள் வேண்டுவது எது, வேண்டுவதாகச் சொல்வது எது என்னும் வேறுபாட்டை நான் அன்றுதான் கற்றேன். பள்ளியில் இப்பாடம் இல்லை.

தீர்வு எளிது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே ஒன்றும் வராது. முகூர்த்தத்திற்கு முந்தைய நாள் காலை முதல் பசுவுக்குத் தீனியை நிறுத்தினேன். மாலை முதல் தண்ணீரையும் நிறுத்தினேன். இதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பட்டினி என்று சொன்னால் சண்முகவடிவு உடன்படமாட்டார். ஆகவே விரதம் என்றேன்.

"விரதமா? மாட்டுக்காண்ணா?" என்று கேட்டார்.

சாஸ்திரத்தில் இருக்கிறது என்றேன். எந்தச் சாஸ்திரம் என்று அவர் கேட்கவில்லை. சற்று நேரம் பவானியின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அப்ப நானும் இருக்கேன்ணா. வாயில்லாத ஜீவன் அது. அது பட்டினி கெடக்கசொல்லோ நான் மட்டும் குந்திகினு துன்னா நல்லாவா இருக்கும்?"

அவ்வாறு, பசு உண்ணாத நாட்களில் அவரும் உண்ணவில்லை. நான் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

விரதப் பசு என்னும் பெயர் நான் எதிர்பார்த்ததைவிட விரைவாகப் பரவியது. மயிலாப்பூரில் மாட வீதிகளிலிருந்து அழைத்தார்கள், அடையாற்றிலிருந்து அழைத்தார்கள், "விரதம் இருக்குமே, அந்தப் பசுதானே?" என்று உறுதி செய்துகொண்டு அழைத்தார்கள். படித்த குடும்பங்கள். மேடைகளில் சொற்பொழிவு ஆற்றுபவர்கள்கூட இருந்தார்கள். எந்தச் சாஸ்திரம் என்று அவர்களும் கேட்கவில்லை.

இங்கு விளக்கப் பகுதி தொடங்குகிறது. தாங்கள் கால்நடை மருத்துவரை அருகில் வைத்துக்கொண்டிருப்பதால் பிழை இருந்தால் அவர் திருத்தலாம். இருக்காது என்று நம்புகிறேன்.

சால்மோனெல்லா என்பது கோல் வடிவான ஒரு பாக்டீரியா. அது பசுவின் வாய்வழியே, மாசுபட்ட தீனியுடனோ தண்ணீருடனோ உட்செல்கிறது. நன்றாகத் தின்ற பசுவின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை தீனியை நொதிக்கச் செய்து சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலங்கள் சால்மோனெல்லாவுக்குப் பகை. ஆகவே வந்தவற்றுள் பெரும்பாலானவை அங்கேயே அழிகின்றன. ஆனால் பசு பட்டினி கிடந்தால் அமிலங்கள் குறைகின்றன, சால்மோனெல்லா பிழைக்கிறது. பட்டினிக்குப் பின் திடீரென்று மிகுதியான உணவு கிடைத்தால் அது பல்கிப் பெருகுகிறது.

பட்டினியை நான் அளித்தேன். உணவை மயிலாப்பூர் அளித்தது. சடங்கு முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் கையால் பசுவுக்கு ஊட்டவே விரும்புவர். வாழைப்பழம், வெல்லம் கலந்த அரிசி, அகத்திக்கீரை, நெய் வடியும் சர்க்கரைப் பொங்கல். ஊட்டுவதை ஒருவர் படம் எடுப்பார். படம் சரியாக வராவிட்டால் மீண்டும் ஊட்டுவார்கள்.

இப்பகுதியை நான் எப்போது படித்தேன் என்று தாங்கள் கேட்டீர்கள். சென்ற ஆண்டு, பருவத்தேர்வுக்கு முன். பட்டினி கிடக்கும் கால்நடைகளில் இந்நோய் தோன்றக்கூடும் என்று நூல் கூறியது. தோன்றும் என்று கூறவில்லை. நூல் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறதோ அதற்கு மேல் மாணவன் உறுதி கொள்ளலாகாது. ஆகவே விரதத்தைத் தொடர்ந்தேன்.

அடுத்த கட்டம் என்னை மிகவும் கவர்ந்தது. பிழைத்த சால்மோனெல்லா சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடைகிறது. குடற்சுவரில் அங்கங்கே சில சிறப்புச் செல்கள் உள்ளன. குடலில் வருவோர் போவோரைப் பிடித்து, உள்ளே காத்திருக்கும் வெள்ளணுக்களிடம் காட்டுவது அவற்றின் பணி; அதாவது வாயிற்காவல். சால்மோனெல்லா அந்தக் காவலர் வழியாகவே நுழைகிறது. மற்றச் சாதாரணச் செல்களிடம் அது இன்னும் நயமாக நடந்துகொள்கிறது. அதனிடம் ஊசி போன்ற ஒரு கருவி உண்டு. அதைச் செல்லின் மேற்பரப்பில் வைத்துச் சில புரதங்களை உட்செலுத்துகிறது. உடனே செல்லின் தோல் திரைந்து, அலைபோல் எழுந்து, பாக்டீரியாவைச் சூழ்ந்து தனக்குள் இழுத்துக்கொள்கிறது. கதவு உடைக்கப்படுவதில்லை. வீட்டுக்காரரே எழுந்து வந்து, இரு கைகளாலும் அணைத்து, அழைத்துச் செல்கிறார். இதற்கு நான் கிரகப்பிரவேசம் என்று பெயரிட்டேன். நூலில் அப்பெயர் இல்லை. அது என் சொந்தப் பங்களிப்பு.

உள்ளே வந்த பகையைக் கண்ட உடல் கொதிக்கிறது. அழற்சி உண்டாகிறது. அந்த நெருப்பில் அழிபவை பெரும்பாலும் பழைய, நல்ல குடியிருப்பாளர்களே. அழற்சியில் உண்டாகும் ஒரு வேதிப்பொருளைச் சால்மோனெல்லா மூச்சுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். மற்றவை அதை அறியா. வீடு எரிகிறது, விருந்தாளி அந்தப் புகையில் கொழுக்கிறான். தான் ஒன்றையும் கட்டாயப்படுத்தாமல், பிறருடைய வரவேற்பையும் பிறருடைய கோபத்தையும் கொண்டே வாழும் இவ்வுயிரைப் பற்றி நான் பலமுறை வியந்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஓர் உயிருக்கு மனச்சான்று இருக்க வாய்ப்பில்லை என்பதும் வெளிப்படை.

ஜூன் முதல் வாரத்தில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தன. பவானி அடுத்தடுத்து விரதம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை சண்முகவடிவு என்னை வரவழைத்தார்.

"இன்னான்னே தெர்லண்ணா. காலைலருந்து ஒரு மாரி கீது. கண்ணு உள்ள போய்க்கினே கீது. தண்ணி தண்ணியா கயியுது, அதுல தோலு தோலா இன்னாவோ வருது. தொட்டுப் பாரு, கொதிக்குது."

தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இருந்தது. சாணத்தில் சவ்வுத் துண்டுகளும் இரத்தமும் இருந்தன. நாற்றம் நூலில் கூறப்பட்டவாறே இருந்தது. அந்நொடியில் எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி என்பதை மறைக்க விரும்பவில்லை. படத்தில் மட்டும் கண்டதை நேரில் காண்பது ஒரு மாணவனுக்கு எளிதில் வாய்ப்பதன்று. நோயின் பெயரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

"மாட்டு டாக்டரை இட்டாரலாமா? இல்ல, வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கு வண்டி புடிச்சிகினு போய்ரலாமாண்ணா?"

மருத்துவர் வந்தால் முதலில் பசுவுக்கு ஓய்வு என்று எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் அனந்தராமன் என்பவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அன்று வேறு பசு கிடைக்காது. எல்லாப் பசுக்களும் முன்பே பேசப்பட்டுவிட்டன. ஆகவே நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சண்முகவடிவின் முகம் தெளிந்தது. "அதானே. நீ படிச்சவன்ணா. இந்த வயசுல குந்தி குந்திப் படிச்சியே, சும்மாவா? பொயச்சிக்கும்ல?"

விரதம் முடிந்தால் சரியாகிவிடும் என்றேன்.

ஐயா, என்னை இதுவரை எவரும் அவ்வாறு சொன்னதில்லை. படிச்சவன் என்று. என் மனைவி சொன்னதில்லை. தேர்வு மையத்தில் என்னைக் கண்காணிப்பாளர் என்று எண்ணி வணக்கம் சொன்ன பிள்ளைகள், நான் அவர்களோடு அமர்ந்ததும் சிரித்தார்கள். அந்தச் சந்தில், சாணத்தின் நடுவில், ஒருவர் என்னை மருத்துவரினும் மேலாக மதித்தார். அந்த மதிப்பை வேப்பேரியில் கொண்டுபோய் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை மருந்துக் கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகள் வாங்கினேன். மனிதர்களுக்கு உரியவை, அளவைப் பசுவின் எடைக்கு ஏற்ப நானே கணக்கிட்டேன். பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். பசு தின்ன மறுத்தது. சண்முகவடிவு அதன் தாடையைப் பிடித்து, "துன்னுடி என் கண்ணு, நல்லதுக்குத்தான் அண்ணன் குடுக்குது" என்று சொல்லி ஊட்டிவிட்டார். இந்நோயில் போக்கை நிறுத்தலாகாது, நிறுத்தினால் கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கும் என்று நூலின் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. எனக்கு நினைவிருந்தது. ஆனால் வேறொன்றும் நினைவிருந்தது. அனந்தராமனின் மனைவி ஜெயலக்ஷ்மி அம்மாள் தொலைபேசியில் என்னிடம் பேசியது.

"பசு வரட்டும், கன்னுக்குட்டியும் வரட்டும். ஆனா ஹால்ல எதுவும் பண்ணிடப்படாது, சொல்லிட்டேன்."

பின்னால் அனந்தராமனின் குரல் கேட்டது. "பண்ணினா லக்ஷ்மி கடாக்ஷம்னு சொல்லுவாடீ."

"ஏன்னா, கடாக்ஷம் பால்கனியில இருக்கட்டும். இது இட்டாலியன் மார்பிள். கறை ஏறித்துன்னா போகவே போகாதாம், கடைக்காரனே சொல்லிட்டான். முருகையன், கேக்கறதா?"

தரையில் ஒரு துளி படாது என்று வாக்களித்தேன். நான் வாக்குத் தவறுபவன் அல்லன்.

மாத்திரை வேலை செய்வதற்கு முன் சிறிதளவு சாணத்தை ஓர் எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வைத்தேன். அது நீராக இருந்ததால் காய்ந்த வறட்டித் தூளைக் கலந்து கெட்டியாக்கினேன். இதற்கான காரணம் பின்னர் விளங்கும்.

ஞாயிறு காலை நான்காம் மாடிக்குச் சென்றோம். மின்தூக்கியில் பவானி சுவரில் சாய்ந்து நின்றது. சிட்டு அதன் மடியை முட்டியது; பால் இல்லை. சண்முகவடிவு முந்தைய நாள் காலை முதல் ஒன்றும் உண்ணாததால் அவரும் சுவரில் சாய்ந்துதான் நின்றார்.

"தண்ணி மட்டும் காட்டட்டுமாண்ணா? நாக்கு வெளிய வந்துருச்சு பாரு."

சடங்கு முடியட்டும் என்றேன்.

வாசலில் வரவேற்பு சிறப்பாக இருந்தது. அனந்தராமன் விருந்தினரிடம், "சாதாரணப் பசு இல்லை ஓய், விரதப் பசு. நேத்திலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை" என்றார். "நாம ஏகாதசின்னு சொல்லிண்டு இட்லியா உள்ள தள்றோம். இதைப் பாரும், என்ன வைராக்கியம்!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரு கதவுகளையும் அகலத் திறந்து, மஞ்சள் குங்குமமிட்டு, மாலையிட்டு, கழுத்தில் கைவைத்து அணைத்துப் பவானியை உள்ளே அழைத்துச் சென்றனர்.

சடங்கில் பஞ்சகவ்யம் தேவை. பால், தயிர், நெய், கோமியம், சாணம் ஆகிய ஐந்தும் கலந்தது அது. வீடெங்கும் தெளித்தபின் ஒவ்வொருவரும் உள்ளங்கையில் வாங்கிச் சிறிது பருகுவர். "சாணம் இருக்கோ?" என்று சாஸ்திரிகள் கேட்டார். பவானியிடம் கேட்பதில் பயனில்லை. எவர்சில்வர் டப்பாவைத் திறந்து கொடுத்தேன்.

"விரதப் பசுவோடதா?" என்றார் ஜெயலக்ஷ்மி அம்மாள்.

ஆம் என்றேன். அது உண்மை.

அந்தப் பளிங்குத் தரையில் படலாகாத பொருளை அங்கிருந்தோர் நாவில் இட்டுக்கொண்டனர். இதை முரண்பாடு என்று நான் கூறமாட்டேன். நாக்கில் கறை ஏறாது. சண்முகவடிவுக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் இருந்தவர், உள்ளங்கையைக்கூட விடாமல் நக்கிக்கொண்டார். எனக்கும் கொடுத்தார்கள். நான் வாங்கி, கண்ணில் ஒற்றி, தலையில் தடவிக்கொண்டேன். இந்நோய் பசுவிடமிருந்து மனிதருக்குப் பரவும் என்பது அடுத்த அத்தியாயத்தில் உள்ளது. கல்வியின் பயன் இதுவே அன்றோ.

பருகியோருள் பதினொருவர் மருத்துவமனையில் சேர்ந்து தேறிவிட்டதாகத் தாங்களே கூறினீர்கள். சண்முகவடிவு மட்டும் இன்னும் கண் திறக்கவில்லை என்றும் கூறினீர்கள். அவர் உண்ணாநோன்பு இருந்ததை நான் கட்டாயப்படுத்தவில்லை என்று முன்பே சொன்னேன்.

இனி முடிவுரை.

பஞ்சகவ்யம் முடிந்து தீபாராதனை காட்டும்போது, பவானி முன்னங்கால்களை மடக்கிப் பூசையின் முன் மண்டியிட்டது. தலையை மெல்லத் தரையில் வைத்தது.

"ஐயோ, பாருங்கோளேன், நமஸ்காரம் பண்றது!" என்று ஒரு மாமி சொன்னார். எல்லாரும் கைகூப்பினர். சிலர் அழுதனர். அனந்தராமனின் மகன் பரத்வாஜ் கைப்பேசியில் அருகே சென்று படமெடுத்தார். நேரம் அந்தப் பதிவில் உள்ளது.

சண்முகவடிவு மட்டும் கைகூப்பவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பவானியின் தலையை மடியில் எடுத்து வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணா, விரதம் முடிஞ்சிருச்சா? இப்பவாவது தண்ணி குடுக்கலாமா?"

அவர் அருகில் பூசைக்கு வைத்த செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. நான் தலையசைத்திருந்தால் கொடுத்திருப்பார். நான் சொல்லாமல் அவர் எதையும் செய்யமாட்டார். ஏனெனில் நான் படித்தவன். தீபாராதனை இன்னும் முடியவில்லை. தண்ணீர் உள்ளே சென்றால் என்ன வெளியே வரும் என்பதை அந்தக் கூடத்தில் நான் ஒருவனே அறிந்திருந்தேன். பொறுங்கள் என்றேன்.

அவர் பொறுத்தார்.

சற்று நேரத்தில் ஜெயலக்ஷ்மி அம்மாள் என் பக்கம் சாய்ந்து, "கன்னுக்குட்டி இருக்கோன்னோ, மீதிக்கு அது போறுமோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, பசுவின் பின்புறத் தரையை நன்றாகப் பார்த்து நிமிர்ந்தார். அவர் முகத்தில் கண்டது நிறைவு என்றே நான் கொள்கிறேன்.

ஐயா, பட்டினி போட்டவன் நான். மருத்துவரைத் தடுத்தவன் நான். போக்கை அடைத்தவன், டப்பாவைத் திறந்தவன், தண்ணீரை மறுத்தவன் நான். இவற்றுள் ஒன்றையும் நான் அறியாமையால் செய்யவில்லை. அதை மட்டும் தாங்கள் பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டும். பவானியைக் கொன்றது சால்மோனெல்லா.

காலை ஒன்பது மணி நாற்பத்தொரு நிமிடம். தரையில் ஒரு துளியும் இல்லை.